கட்டைப்பை நிறையப் பாட்டு

மேற்கே மலையும் கிழக்கே மலையுமாக நடுவில் தொட்டில்போல் கிடக்கிற கம்பம் பள்ளத்தாக்கில், வெள்ளைக்கரடு என்ற ஊரில், ஒரு தை மாதத்தில், கட்டைப்பை நிறையப் பழைய பாட்டு சிடி கொண்டுவந்து கொடுப்பவர்களுக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு எம்பித்ரீ பிளேயர் கொடுக்கப்படும் என்று காசிம் ராவுத்தர் தன் பாட்டுக்கடை வாசலில் துணி கட்டினார். அந்தத் துணி காற்றில் ஆடத் தொடங்கியதிலிருந்து ஊரில் எந்தப் பரணும் எந்த அலமாரியும் எந்தப் பீரோவின் அடிப்பக்கமும் நிம்மதியாக இருக்கவில்லை. ராவுத்தருக்கு இதில் இரண்டு பக்கமும் லாபம். மஸ்கட்டில் இருந்த மைத்துனர் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பிளேயர் அனுப்பிக்கொண்டிருந்தார். திராட்சைத் தோட்டக்காரர்களோ கிளி விரட்டக் கொடிப்பந்தலில் கட்டித் தொங்கவிடப் பழைய சிடி வேண்டுமென்று கடைவாசலில் காத்துக்கிடந்தார்கள். எண்ணிப் பார்க்கிற வேலையே அவரிடம் கிடையாது. பையை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் ஒரு அமுக்கு. பிடி தைத்திருக்கிற இடம்வரை சிடி நின்றால் பிளேயர், நிற்காவிட்டால் திரும்ப வீட்டுக்கு.

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் பவுன்ராஜும் ஒரு பையோடு வந்தார். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணமாகாதவர். அவரைப் பற்றிக் கேட்டால் ஊரில் எல்லோரும் நல்ல மனுசன் என்பார்கள், சொல்லிவிட்டு உடனே வேறு ஆளைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள். ராவுத்தர் பையை அமுக்கி, குறைகிற இடத்தில் ஒரு விரலைப் படுக்கவைத்து அளந்து பார்த்தார்.

"மாப்ள, வெரக்கடை குறையுதே."

"வெரக்கடைதான மாமா. அதுக்குப் போயி..."

"இன்னைக்கு வெரக்கடைய விட்டா நாளைக்கு முழத்த விடச் சொல்லுவாக. வீட்டுல எங்கயாச்சும் ஒண்ணு கெடக்கும், பாத்துட்டு வாங்க. பிளேயருக்குக் காலா இருக்கு, ஓடிப்போக?"

வீட்டில் ஒன்று கிடக்கத்தான் செய்தது. பீரோவில் துவைத்த வேட்டிகளுக்கு அடியில், உறையில் எதுவுமே எழுதாத ஒரு சிடி. தேனியில் ஒரு போட்டோக்கடை மாடியில், உங்கள் குரலை நீங்களே கேட்கலாம் என்று பலகை மாட்டியிருந்த இடத்தில், பவுன்ராஜ் தானே கட்டிய பாட்டைத் தானே பாடிப் பதிந்துகொண்டு வந்தது அது. யாருக்காகப் பாடினாரோ அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஒவ்வொரு பொங்கலுக்கும் தைரியம் சேர்த்து, ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைச் செலவழித்துவிட்டார். கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கிளி விரட்டப் போகிற சிடியை எவன் போட்டுக் கேட்கப் போகிறான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கொண்டுபோய்ப் பையின் மேலே வைத்தார். ராவுத்தர் அமுக்கினார். பை நிறைந்திருந்தது. அன்றைக்கே பவுன்ராஜ் காதில் பிளேயர் ஒயரின் இரண்டு குமிழைச் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு வெகுகாலம் உலகத்தில் நடந்த எதுவும் அவர் காதுக்குப் போகவில்லை.

அந்தப் பையிலிருந்த சிடிகளை வாங்கிப்போனவள் சிவனம்மாள். ஊருக்குத் தெற்கே வாய்க்கால் ஓரத்தில் அவளுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். கட்டினவன் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்தபிறகு கொடியோடும் பசுவோடும் ஒற்றையில் மல்லுக்கட்டுகிறவள். அவளுடைய அண்ணன் மச்சக்காளைக்குத் தங்கச்சியின் கௌரவத்தைக் காப்பது ஒன்றே தொழில். அவள் வேலி ஓரமாக எவனாவது மெதுவாக நடந்தால்கூட, "என்னடா, காலுல ஆணியா?" என்று கேட்டுவிடுவார். சிவனம்மாள் நூலில் கோத்துக் கோத்துச் சிடிகளைப் பந்தல் கம்பியில் கட்டினாள். காற்று வந்து அவற்றைச் சுற்றியது, வெயில் வந்து அவற்றின் மேல் விழுந்தது. சுற்றச் சுற்ற வெயில் தெறிக்க, தெறித்த வெயில் காய்களின்மேல் பட்டுப் பட்டு நகர, கிளிகள் தங்கள் மூஞ்சியைத் தாங்களே பார்த்துப் பயந்து கூடலூர்ப் பக்கம் போய்விட, சித்திரையில் குலைகள் கறுத்து இனித்தன.

முதல் முதலாகப் பாடியது கமிஷன் மண்டி சீனிச்சாமியின் வயிறு. விலை பேசிக்கொண்டே ஒரு கொத்தைத் தின்று தீர்த்தவர், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்டில் சாய்ந்தபோது, அவருடைய தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே வயலின் கிளம்பியது. பிறகு தபேலா சேர்ந்தது. பிறகு ஆற்றங்கரையில் தொலைத்த கொலுசைப் பற்றி ஒரு பெண் பாடுகிற பாட்டு, அவருடைய கரகரத்த குரலிலேயே தொடங்கியது. சீனிச்சாமி சட்டையில் ஒரு பித்தானைக் கழற்றிவிட்டு, கடைசி வரி முடிகிற வரைக்கும் கேட்டார். "நல்ல பாட்டு," என்று சொல்லிப் பித்தானைப் போட்டுக்கொண்டு, "சிவனம்மா தோட்டத்துச் சரக்குக்கு மட்டும் கூடைக்கு மேல ஒரு துணி போட்டு வைங்கப்பா" என்றார்.

பக்கத்துத் தோட்டங்களிலும் ராவுத்தர் கடைச் சிடி தொங்கியதால் வாரம் முடிவதற்குள் ஊரில் பாதி வயிறு பாடியது. இது எப்படி என்று ராவுத்தரைக் கேட்டவர்களுக்கு, "சும்மா கெடக்குற வெயிலு, படிச்சுப் பாத்திருக்கும்" என்று ஒரே பதில்தான். அதற்குமேல் கேட்க யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் ஏற்பாடு செய்யவேண்டிய காரியங்கள் நிறைய இருந்தன. மண்டியில் பழத்தைச் சோகம், காதல், குத்து, பக்தி என்று தரம் பிரித்தார்கள். கீறல் விழுந்த சிடியின் பழத்தைத் தின்றவனுக்கு ஒரே வரி திரும்பத் திரும்ப வந்ததால், முதுகில் எந்த இடத்தில் எவ்வளவு பலமாகத் தட்டினால் பாட்டு அடுத்த வரிக்குத் தாவும் என்பதைச் சின்னப் பிள்ளைகள்கூடக் கற்றுக்கொண்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர், "சோகமெல்லாம் பின்னாடி போ, குத்தெல்லாம் முன்னாடி ஏறு, ஒண்ணோட ஒண்ணு கலந்தா டிரைவருக்குக் கிறுகிறுங்குது" என்று விசில் ஊதிப் பிரித்து உட்காரவைத்தார். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, பாட்டு முடிகிற வரைக்கும் எடுக்காமல் கேட்டு, நர்சைக் கூப்பிட்டு அவர் காதிலும் மாட்டி, "சீரணம் நல்லா ஆகுது" என்று சொல்லி அனுப்பினார்.

செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கச்சேரியே வைக்கவில்லை. சம்பந்தி வீட்டாரை வரிசையாக உட்காரவைத்து முகூர்த்தத்துக்கு முன்னால் ஆளுக்கொரு கொத்து கொடுத்தார்கள். தாலி ஏறுகிற நேரத்துக்கு முதல் வரிசை பல்லவி எடுக்க, இரண்டாம் வரிசை சரணம் பாட, கடைசியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமனுடைய வயிறு தனி ஆவர்த்தனம் வாசித்தது. காளியம்மன் கோயிலில் பக்திப் பழத்தைப் பிரசாதமாகக் கொடுத்தார்கள். ஒருநாள் கூடை மாறிப்போய், தீபாராதனை நேரத்தில் பூசாரியின் வயிறு ஒரு கிளப் டான்ஸ் பாட்டை ஆரம்பித்தது. பூசாரி ஒரு கணம் தயங்கினார், அம்மனின் முகத்தைப் பார்த்தார், அங்கே கோபம் எதுவும் தெரியாததால் மணியைத் தாளத்துக்குத் தக்கபடி ஆட்டினார். சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது, அதுவும் தாளத்தோடுதான்.

இப்படி ஊரே கால் தரையில் பாவாமல் திரிந்துகொண்டிருந்தபோதுதான், பஸ் ஸ்டாண்டில் சுண்டல் விற்கிற கொண்டம்மாளின் வயிற்றிலிருந்து இதுவரை யாரும் எந்த ரேடியோவிலும் கேட்டிராத ஒரு பாட்டு வந்தது. மேளமில்லை, வயலினில்லை, ஒற்றைக் குரல்.

சிவனம்மா சிவனம்மா
சிரிச்சா ஒரு கன்னத்தில் குழி விழும் சிவனம்மா
மறு கன்னம் சும்மாத்தானே கெடக்கு
அங்க நான் குடியிருக்கலாமா?

இதையே ராகம் மாற்றி மாற்றிப் பாடிவிட்டு, கடைசியில் ஒரு இருமல் இருமி, "அண்ணே, பதிஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு அடங்கியது. எந்த வயிற்றில் பாடினாலும் பாட்டு அந்த வயிற்றுக்காரரின் குரலை எடுத்துக்கொள்ளும் என்பதால் பாடினவன் யாரென்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. அடுத்த நாள் அது போஸ்ட்மேனின் வயிற்றில் பாடியது. அதற்கு மறுநாள் கவுன்சிலர் வயிற்றில், கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பாடியது. வயிற்றில் பாடாதவர்கள் வாயால் பாடினார்கள். கடன் கேட்டவனும் கொடுத்தவனும், பொண்ணு பார்க்க வந்தவனும், போனில் பேசி முடித்தவனும், "அண்ணே, பதிஞ்சிருச்சா?" என்றுதான் பேச்சை முடித்தார்கள்.

ஊருக்கு இப்போது ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. எந்தக் கன்னம்? சிவனம்மாள் சிரித்துப் பார்த்த ஞாபகம் ஊரில் ஒருவருக்கும் இல்லை. டீக்கடையில் இடது கன்னக் கட்சி, வலது கன்னக் கட்சி என்று பெஞ்சு பிரிந்தது. இடது கட்சிக்காரர் வாங்கிக்கொடுத்த டீயை வலது கட்சிக்காரர் குடிக்கமாட்டேன் என்றார். அவளைச் சிரிக்கவைக்க ஊரே புறப்பட்டது. காய்கறிக்காரர் கத்திரிக்காய்க்கு மீசை வரைந்து கொண்டுவந்து நீட்டினார். பள்ளிக்கூடத்து வாத்தியார் வாய்க்கால் பாலத்தில் அவள் கண்ணெதிரே வேண்டுமென்றே வழுக்கி விழுந்தார். பக்கத்து ஊரிலிருந்து ஒரு பபூன் வேடக்காரர் வந்து அவள் வேலிக்கு வெளியே மத்தியானம் முழுக்கக் குட்டிக்கரணம் போட்டுவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். சிவனம்மாள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு களை எடுத்தாள்.

மச்சக்காளை கொதித்தார். மண்டி வாசலில் நின்று, "எந்தங்கச்சி பேர ஊர் வயித்துல எல்லாம் ஏத்திவிட்டவன் எவனோ, அவன் கைய ஒடைச்சு அடுப்புல வைக்காம விடமாட்டேன்" என்று சபதம் போட்டார்.

இத்தனையும் பவுன்ராஜுக்குத் தெரியாது. காதில் குமிழோடு போனார், காதில் குமிழோடு மாட்டுக்கு ஊசி போட்டார், பேசினவர்களுக்கெல்லாம் சிரித்துத் தலையை ஆட்டினார். ஒருநாள் பால்காரர் பெருமாளின் எருமைக்குக் குளம்பில் மருந்து வைத்துக்கொண்டிருக்கும்போது பிளேயரின் சார்ஜ் இறங்கிப்போனது. குமிழைக் கழற்றினார். பெருமாளின் வயிறு, எட்டுக்கட்டையில், அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

"என்ன கம்பவுண்டரே, மூஞ்சி வெளுத்துப்போச்சு? இத நீங்க இன்னும் கேக்கலையா?" என்றார் பெருமாள். "மச்சக்காளை ஆளத் தேடிக்கிட்டுத் திரியிறாப்ல. கெடைச்சான், செத்தான்."

பவுன்ராஜ் எருமையைப் பாதியில் விட்டுவிட்டு ராவுத்தர் கடைக்கு ஓடினார்.

"மாமா, நான் கடைசியா வச்ச சிடி எங்க போச்சு?"

ராவுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்தவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அட மாப்ள, நீங்கதானா அது! நானே டெய்லி அதத்தான் முணுமுணுத்துக்கிட்டு இருக்கேன். சிடி அந்தப் புள்ள தோட்டத்துலயேதான் தொங்குது."

"மச்சக்காளை..."

"எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் கையத்தான ஒடைப்பாப்ல. பாட்ட ஒடைக்க முடியாதுல்ல?"

இந்த ஆறுதல் பவுன்ராஜுக்குப் போதவில்லை. தடயத்தை அழித்துவிட வேண்டுமென்று முடிவு செய்து, சிவனம்மாள் தோட்டத்துப் பழம் எந்தத் தள்ளுவண்டியில் கிடைத்தாலும் வாங்கினார், வாங்கியதையெல்லாம் தானே தின்றார். நாக்கு ஊதாவாகிப்போனது. இரண்டு நாளில் அவர் வயிறும் ஓயாமல் சிவனம்மா சிவனம்மா என்று பாடியது. ஆனால் ஊரில் இத்தனை வயிறு பாடும்போது ஒரு கம்பவுண்டர் வயிற்றை எவர் கவனிக்கப்போகிறார்? கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொண்டதில் அவருக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

சிவனம்மாள் தன் தோட்டத்துப் பழத்தைத் தின்பதில்லை. மருந்தடித்து மருந்தடித்து அந்த வாசனையே அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. அதனால் பாட்டு அவள் வயிற்றில் ஒருதரமும் பாடவில்லை. பிறர் வயிற்றில் கேட்டதுதான். முதலில் கூசிப்போனாள், சந்தைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு ஒரு காலையில், வெகு வருடங்களாகப் பொட்டு இல்லாததால் தலைசீவ மட்டுமே பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் சும்மா போய் நின்றாள். சிரித்துப் பார்த்தாள். சிரிப்பென்ன, கூப்பிட்ட குரலுக்கு வருகிற கோழியா? வரவில்லை. சரி, தனக்கே தெரியாத குழியை இன்னொருத்தன் எப்போது பார்த்தான் என்று யோசிக்க ஆரம்பித்தாள். புருசன் போனபிறகு தான் எப்போது சிரித்தோம்? களையெடுத்தபடியே யோசித்தாள், தண்ணீர் பாய்ச்சியபடியே யோசித்தாள், பால் கறக்க உட்கார்ந்தபோது பசு வாலால் ஒரு அடி கொடுக்க, அவளுக்கு நினைவு வந்துவிட்டது. பால் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

பக்கத்துக் காட்டில் வேலை செய்த ஆளிடம் பசுவுக்குச் சுகமில்லை என்று சொல்லியனுப்பினாள்.

பவுன்ராஜ் வந்தார். வராமலிருக்க முடியுமா? மடியைத் தொட்டுப் பார்த்தார், காதைத் தொட்டுப் பார்த்தார், நாக்கை இழுத்துப் பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணுமில்லையே."

"இல்லதான்," என்றாள் சிவனம்மாள்.

"பெறகு?"

"எனக்குத்தான் ஒரு சந்தேகம் கேக்கணும்." தொழுவத்துத் தூணில் சாய்ந்து நின்றாள். "எந்தக் கன்னம்?"

பவுன்ராஜின் கையிலிருந்து மருந்துப்பை நழுவியது. பசு திரும்பிப் பார்த்தது.

"நானா... எனக்கெப்படி..."

"மூணு வருசத்துக்கு முன்னாடி, இந்தா, இந்தத் தொட்டிக்குள்ளதான், கன்னுக்குட்டி முட்டி உங்களத் தலகுப்புறத் தள்ளுச்சு. மீசையெல்லாம் தவுடா எந்திரிச்சு வந்து, கன்னுக்கு அடி படலையேன்னு கேட்டீக. அன்னைக்குச் சிரிச்சதுதான் நான். அப்ப இங்க இருந்தது நீங்களும் கன்னுக்குட்டியுந்தான். கன்னுக்குட்டி பாட்டுக் கட்டியிருக்காதுன்னு நெனக்கிறேன்."

பவுன்ராஜ் தரையைப் பார்த்தார். "இடது," என்றார். தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இடது. எதுத்தாப்ல நின்னு பாக்குறவனுக்கு வலது" என்றார்.

அந்த நேரம் பார்த்து அவர் வயிறு பாட ஆரம்பித்தது. மண்டிக்காரர் வயிற்றில் கரகரப்பாகவும் சுண்டல்காரி வயிற்றில் கீச்சென்றும் கேட்ட பாட்டு, இந்த ஒரு வயிற்றில்தான் அதன் சொந்தக் குரலில் வந்தது. அவ்வளவு நல்ல குரலை இத்தனை வருடமும் மாடுகள் மட்டுமே கேட்டிருக்கின்றன. சிவனம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இருமல் வந்தது, பதிஞ்சிருச்சா வந்தது, அடங்கியது.

"வயிறு சொல்லிருச்சு. வாய் என்ன சொல்லுது?"

வாய் எதையும் சொல்வதற்குள் வாசலில் மச்சக்காளை நின்றார். அவருக்குப் பின்னால் டீக்கடையின் இரண்டு கட்சியும் நின்றது, அதற்குப் பின்னால் ராவுத்தர் கடையைப் பாதிச் சாத்தியும் சாத்தாமலும் ஓடிவந்து நின்றார். கம்பவுண்டர் பாட்டைக் கேட்டு முகம் வெளுத்து ஓடியதை ஊருக்குச் சொல்லாமல் பெருமாள் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீயாடா?" என்றார் மச்சக்காளை. வேட்டியை மடித்துக் கட்டினார். கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. ஏனென்றால் அன்று காலையில்தான், அந்தப் பாட்டு எந்தக் கொடியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, பந்தலடியில் உட்கார்ந்து கொத்துக் கொத்தாகத் தின்று பார்த்திருந்தார்.

சிவனம்மா சிவனம்மா, என்றது மச்சக்காளையின் வயிறு. எருது முக்காரமிடுகிற குரலில்.

ஓங்கிய கையை இறக்கி வயிற்றைப் பொத்தினார். பாட்டு விரலிடுக்கில் வந்தது. இருமிப் பார்த்தார், தரையில் உட்கார்ந்து பார்த்தார், முதுகில் தட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். யாரோ ஓடிவந்து தட்ட, பாட்டு இரண்டு வரி தாவி இன்னும் உரக்க, மறு கன்னம் சும்மாத்தானே கெடக்கு, அங்க நான் குடியிருக்கலாமா, என்று மீசையும் உருமாலுமாக உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடமிருந்து கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டது.

சிவனம்மாள் சிரித்தாள். முதலில் மூக்கு வழியாகத்தான் வந்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இடது கன்னத்தில் ஒரு நெல்லை வைக்கலாம்போலக் குழி விழுந்தது. இடது கட்சி துண்டைத் தூக்கி மேலே எறிந்தது. எதிரே நின்று பார்த்தால் வலதுதான் என்று வலது கட்சியும் எறிந்தது. டீக்கடைக்காரர் இரண்டு கட்சிக்கும் இலவச டீ என்று கத்தினார்.

மச்சக்காளை மட்டும் தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"சின்னப்புள்ளையில இப்பிடித்தான் சிரிப்ப," என்றார். "நானே மறந்துட்டேனே, ஆத்தா." வயிறு அடங்கியது. அவர் பவுன்ராஜைப் பார்த்தார். "என்னய்யா முழிக்கிற? இம்புட்டு நாளு ஊர் வயித்துல, இன்னைக்கு என் வயித்துல வந்து கேட்டேல்ல? இப்ப அவகிட்டக் கேளு."

பவுன்ராஜ் கேட்டார். பாட்டாக வரவில்லை, ராகமும் வரவில்லை. பாதி வார்த்தை உள்ளேயே நின்று, அந்தக் கடைசி வரி ஒரு முனகலாகத்தான் வெளியே வந்தது. ஆனால் வாயால் வந்தது. கூட்டம் முழுக்கக் காதை நீட்டிக்கொண்டு நின்றது.

சிவனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு அவசரம் எதுவுமில்லை. பசுவுக்கு ஒரு கை வைக்கோலை உருவிப் போட்டாள், கையைக் கழுவினாள், சேலையை உதறிச் சரிசெய்துகொண்டாள். பிறகு வேலியோரம் நிறுத்தியிருந்த அவருடைய மொபெட்டுக்கு நடந்தாள்.

"எடுங்க," என்றாள்.

"எங்க போக?"

"சந்தைக்கு. போயி எத்தனை நாளாச்சு."

அவர் உதைத்தார். வண்டி மூன்றாவது உதையில்தான் கிளம்பியது. அவள் பின்னால் ஏறி, ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையை அவர் தோளில் வைத்தாள். கடைவீதி வந்ததும் பவுன்ராஜ் பயந்துபோய்க் கைப்பிடியை முறுக்கினார்.

"மெதுவாப் போங்க," என்றாள் சிவனம்மாள். "பாக்குறவுக பாக்கட்டும்."